சுத்தமான வில்லை

செப்டம்பர் 9, திங்கள்

மறுபடியும் ஒன்றுமில்லை.

இரண்டு டங்ஸ்டன் வில்லைகள். ஒன்று வெறும் டியூட்டீரியம் பிளாஸ்மாவில் நின்றது. இன்னொன்று, கொஞ்சம் நைட்ரஜன் கலந்ததில். ஒரே தகட்டிலிருந்து வெட்டியவை, ஒரே சூடு, ஒரே நேரம். முடுக்கியில் வைத்து எண்ணிப் பார்த்தால் இரண்டுக்குள்ளும் ஊறியிருக்கும் டியூட்டீரியம் ஏறக்குறைய ஒன்றுதான். நைட்ரஜன் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் உலைச் சுவருக்கு ஒன்றுதான் என்று அர்த்தம். நான்கு வருடத்துக்கு முன்னால், இங்கே இருந்தபோது, இதே சோதனைக் கலத்தில் சோதித்து யெர்னெய் சொன்னதும் அதுதான்.

அப்படியானால் ஆகஸ்டில் எனக்கு வந்தது என்ன? விடுமுறை முடிந்து செய்த முதல் சோதனையில், நைட்ரஜன் பட்ட வில்லையில் ஏறக்குறைய இரண்டு பங்கு இருந்ததே. அன்றைக்கும் இதே கைதான், இதே கருவிதான்.

குழுத் தலைவர் கொராஸ்த் சாரிடம் இரண்டு வரைபடங்களையும் காட்டினேன். ஆகஸ்டு வரைபடத்தை விரலால் ஓரமாக நகர்த்தினார். "அந்த ஒண்ணை விட்டுடும்மா. மத்ததெல்லாம் யெர்னெயோட ஒத்துப்போகுதே. கூட்டிச் சராசரி போட்டு அனுப்பு."

விட்டுவிடுவதாம். எதற்காக?

செப்டம்பர் 10

பம்பு நின்றுவிட்டது. நாள் முழுக்க வீண்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஊருக்கு, இத்ரியாவுக்குப் போனேன். அம்மா பன்றிக்கால் சுட்டிருந்தார். சாப்பிட உட்காரும் முன்னரே பக்கத்து வீட்டுச் செய்தி வந்துவிட்டது: யெர்னெய்க்கு ஜெர்மனியில் நிரந்தர வேலை ஆகப்போகிறதாம், நவம்பரில் நேர்காணலாம், அவன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாராம். எனக்கும் தெரியும். அவனே சொன்னான். நானும் அவனும் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள். லுப்லியானாவில் இந்த வேலை காலியானபோது கொராஸ்த் சாரிடம் என் பெயரைச் சொன்னவனும் அவன்தான்.

"உன்னோடது எப்பக் கண்ணு நிரந்தரம் ஆகும்?" என்று அம்மா கேட்டார். டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது, நீட்டிப்பார்கள் என்றேன். நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று வழக்கம்போல அடுத்த கேள்வி.

இந்த முறை பொறுமையாகச் சொன்னேன். சூரியனுக்குள் நடக்கிற மாதிரி ஹைட்ரஜனை இணைத்து மின்சாரம் எடுக்கப் பெரிய உலை கட்டுகிறார்கள். அதில் எரிவது சாதாரண ஹைட்ரஜன் இல்லை. அதன் கனமான உடன்பிறப்புகள் இரண்டு. ஒன்று டியூட்டீரியம், சாது. இன்னொன்று டிரிட்டியம், கதிர்வீச்சு உள்ளது. உலையின் நெருப்பு அதன் டங்ஸ்டன் சுவரை உருக்கிவிடாமல் இருக்க, ஓரத்தில் நைட்ரஜன் ஊதிக் குளிரவைப்பார்கள். அந்த நைட்ரஜனால் சுவருக்குள் டிரிட்டியம் கூடுதலாக ஊறுமா, ஊறாதா — அதுதான் என் கேள்வி. டிரிட்டியத்தைக் கையில் தொட முடியாது, அதனால் அதன் இடத்தில் டியூட்டீரியத்தை வைத்துப் பார்க்கிறேன்.

"ஊறினா என்ன?"

"அளவுக்கு மேல ஊறினா உலையை நிறுத்தணும்மா. உள்ளே போய்ச் சுரண்டணும்."

"யெர்னெய் ஊறாதுன்னு சொல்லிட்டானாமே. அவங்கம்மா சொன்னா."

இன்னும் ஒரு துண்டு கறி எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

செப்டம்பர் 20

மூன்று ஜோடி வில்லைகள். மூன்றிலும் வித்தியாசம் இல்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆகஸ்டில் நான்தான் எதையோ சொதப்பினேனோ? ஆனால் எதை? சொதப்பினால் ஏதாவது ஓர் இடத்தில் தெரியவேண்டாமா?

செப்டம்பர் 26, வியாழன்

இன்று ஒன்று நடந்தது. நிதானமாக எழுதவேண்டும்.

கலத்துக்கும் பம்புக்கும் நடுவே ஒரு குளிர்க்குழாய் இருக்கிறது. அதைக் கடும் குளிரில் வைத்திருப்போம். பம்புக்குப் போகக்கூடாத ஆவிகள் அதில் உறைந்து நின்றுவிடும். போன வெள்ளிக்கிழமைதான் லோவ்ரோ அதைக் கழற்றி, கழுவி, காயவைத்து மாட்டினான். அவன்தான் எங்கள் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன். அதற்குப் பிறகு இந்த வாரம் முழுக்க வெறும் டியூட்டீரியம்தான் ஓட்டினோம். நைட்ரஜன் உருளையின் வால்வு திறக்கவே இல்லை.

இன்று குழாயைக் கழற்றி அறைச் சூட்டுக்கு வரவிட்டோம். குனிந்து பார்த்தேன். மூக்கில் சுருக்கென்று ஏறியது. முடிக்குப் பூசும் சாயத்தைத் திறந்தால் வருமே, அந்த நெடி. கண் கலங்கிவிட்டது.

அம்மோனியா. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்தால் வருவது. ஹைட்ரஜன் பக்கம் சரி, நாங்களே ஊதுகிறோம். நைட்ரஜன் எங்கிருந்து வந்தது?

"தரை துடைச்ச மருந்தா இருக்கும்," என்றான் லோவ்ரோ. அவனைக் கூப்பிட்டுக் குழாயை நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு தரை மருந்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 30

வால்வு கசியவில்லை. இரண்டு நாள் சோதித்தாயிற்று. நைட்ரஜன் குழாயையே கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாயை அடைத்துவிட்டு ஓட்டினோம். அப்போதும் அம்மோனியா வருகிறது.

இன்னொன்றும் உறைத்தது. வாயுக்களை எடை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியில் இருபது என்ற எடையில் எப்போதும் ஒரு மேடு இருக்கும். கன நீர், கலத்தில் ஒட்டியிருக்கும் ஈரம், என்று எல்லோரும் சொல்வோம். நானும் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ முறை. டியூட்டீரியத்தால் ஆன அம்மோனியாவின் எடையும் இருபதுதான். கல்லூரியில் படித்த கணக்கு. யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

நைட்ரஜன் கலத்தின் எஃகுச் சுவரிலேயே இருக்கிறது. ஒருமுறை ஊதினால் சுவரில் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் சும்மா டியூட்டீரியம் ஓட்டினாலும் போதும், அது சுவரிலிருந்து நைட்ரஜனைக் கழற்றிக்கொண்டு வந்து வில்லையின் மேல் போட்டுவிடுகிறது. அதாவது சுத்தம் என்று நான் பெயர் எழுதிய ஒரு வில்லையும் சுத்தம் இல்லை. இரண்டு அழுக்கு வில்லைகளை ஒப்பிட்டால் வித்தியாசம் எப்படித் தெரியும்?

ஆகஸ்டில் மட்டும் ஏன் தெரிந்தது என்றும் லோவ்ரோ சொல்லிவிட்டான். விடுமுறையில் கலத்தை வாரக்கணக்கில் சூடேற்றிவைத்திருந்தானாம். சுவரில் இருந்த நைட்ரஜன் அதில் போயிருக்கும். "நான்தான் சொன்னேனே," என்றான். சொல்லவே இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

சுத்தமான வில்லையின் மேல்தோலைச் சோதிக்க வேதியியல் பிரிவில் கெஞ்சி நேரம் வாங்கினேன். இருக்கிறது. நைட்ரஜன் பளிச்சென்று இருக்கிறது. இத்தனை வருடமாக ஏன் யாரும் பார்க்கவில்லை? சுத்தமானதை யார் சோதிப்பார்கள்.

கொராஸ்த் சார் நெடுநேரம் பார்த்தார். மறுக்கவில்லை, அதுதான் எரிச்சல். மறுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அடுத்த நான்கு வருடத்துக்கான திட்டம் பரிசீலனையில் இருக்கிறதாம், அதன் முதல் பக்கமே யெர்னெயின் முடிவில்தான் தொடங்குகிறதாம், இப்போது கிளறினால் குழு மொத்தமும் தெருவில் நிற்குமாம். "உன் ஒப்பந்தமும் அதுலேருந்துதான் நீளணும். யோசிச்சுக்கோம்மா."

யோசிக்கிறேன். வேறென்ன செய்கிறேன்?

அக்டோபர் 8

அலமாரியின் அடித்தட்டில் யெர்னெயின் பழைய வில்லைகள் ஒரு டப்பாவில் இருந்தன. ஒவ்வொன்றும் காகிதத்தில் பொதிந்து, அவனுடைய சாய்ந்த கையெழுத்தில் பெயர். 'சுத்தம்' என்று எழுதியிருந்ததில் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். போகும்போது, இதிலாவது இருக்கக்கூடாது என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

இருக்கிறது.

அக்டோபர் 9

யெர்னெயைக் கூப்பிட்டேன். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. நெடி, எடை இருபது, அவன் டப்பா, எல்லாம். பிறகு, நிச்சயமா என்று ஒரே ஒரு கேள்வி. நிச்சயம் என்றேன்.

சுவரைச் சோதிக்கவே தோன்றவில்லை என்றான். அது நேர்மையான பதில். எனக்கும்தான் தோன்றவில்லை.

அப்புறம் கேட்டான். "நேர்காணல் நவம்பர் பதினாலாம் தேதி பிரீனா. அதுவரைக்கும் வெளியே சொல்லாம இருப்பியா? அது முடிஞ்சதும் நீ என்ன வேணா செய்."

சரி என்றேன். இப்போது யோசித்தால் ஏன் அவ்வளவு சீக்கிரம் சொன்னேன் என்று இருக்கிறது. ஒரு மாதம்தானே. எப்படியும் கலத்தை உண்மையிலேயே சுத்தம் செய்து, ஒழுங்காக ஒரு முறை அளந்து பார்க்காமல் நானும் எங்கேயும் பேச முடியாது.

அக்டோபர் 14

சூடேற்ற ஆரம்பித்தோம். கலத்தைச் சுற்றிச் சூடேற்றும் நாடா, அதன்மேல் வெள்ளித்தாள். லோவ்ரோ அதைப் பார்த்து, ஈஸ்டர் பன்றிக்கால் மாதிரி இருக்கிறது என்றான்.

அக்டோபர் 17

கலத்தின் மூடியில் செம்பு வளையம் ஒன்று சூட்டில் நெளிந்து காற்று உள்ளே போய்விட்டது. முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

அக்டோபர் 18

அதே வளையம். மறுபடியும்.

அக்டோபர் 24

மேடு பாதிதான் இறங்கியிருக்கிறது. சூடு மட்டும் போதவில்லை, ஆகஸ்டுக்குப் பிறகு ஊதிய நைட்ரஜன் சுவரில் அவ்வளவு ஏறியிருக்கிறது. சுவரை டியூட்டீரியம் பிளாஸ்மாவாலேயே தேய்க்கவேண்டியிருக்கிறது. தேய்த்தால் அம்மோனியா வருகிறது. குளிர்க்குழாயைக் கழற்று, கழுவு, மாட்டு, தேய். வெளியே இறங்கிய பனிமூட்டம் இந்த வாரம் விலகவே இல்லை. பேருந்து நிறுத்தத்தில் பூரெக் வாங்கி நின்றபடியே தின்றுவிட்டு வந்து மறுபடி தேய்க்கிறேன். ஆராய்ச்சியாளர் என்று அம்மா ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். பாத்திரம் தேய்க்கிறேன் அம்மா.

நவம்பர் 6, புதன்

வந்துவிட்டது.

இருபதில் மேடு இல்லை. தட்டையாகக் கிடக்கிறது. சுத்தமான வில்லையின் தோலில் நைட்ரஜன் இல்லை. அதில் ஊறிய டியூட்டீரியம், நைட்ரஜன் பட்டதில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. ஆகஸ்டில் வந்தது சரி. நான் சொதப்பவில்லை.

டங்ஸ்டனின் மேலே நைட்ரஜன் மெல்லிய தோல் மாதிரி படிந்துவிடுகிறது. உள்ளே போன டியூட்டீரியம் வெளியே வர வழி இல்லாமல் மாட்டிக்கொள்கிறது. உலையில் டிரிட்டியமும் அப்படித்தான் மாட்டிக்கொள்ளும். பெரிய உலைக்காரர்கள் போட்டுவைத்திருக்கும் கணக்கு அவ்வளவும் தப்பு.

லோவ்ரோவும் நானும் கையைக் குலுக்கிக்கொண்டோம். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. வாக்குக் கொடுத்திருக்கிறேனே.

நவம்பர் 8

யெர்னெய் செய்தி அனுப்பியிருந்தான்: முடிவு வந்துவிட்டதா, வரைபடத்தைப் பார்க்கலாமா, மனது கேட்கவில்லை என்று. பாவம். அனுப்பிவைத்தேன்.

நவம்பர் 11

மார்ட்டின் திருநாள். கூடத்தில் புது மதுவும் வாத்துக்கறியும். கொராஸ்த் சார் இரண்டு கோப்பைக்கு மேல் ஏற்றிக்கொண்டு எல்லோர் தோளிலும் தட்டினார். என் தோளையும். திட்டம் நல்லபடியாகப் போகிறதாம்.

நவம்பர் 15, வெள்ளி

எழுதவே கை வரவில்லை.

காலையில் கொராஸ்த் சார் என் அறைக்கே வந்தார். அவர் வருவதே இல்லை. யெர்னெயின் நேர்காணல் பிரமாதமாம். பேச்சின் நடுவில் நிறுத்தி, 'என் பழைய முடிவு தவறு, அதை நானே இப்போது திருத்துகிறேன்' என்று சொன்னானாம். புது வரைபடத்தைப் போட்டானாம். எல்லோரும் அசந்துவிட்டார்களாம். தன் தப்பைத் தானே சொல்கிறவன் எத்தனை பேர் என்று தேர்வுக்குழுவில் ஒருவர் கண் கலங்கினாராம்.

என் வரைபடம். என் — ஒரு மாதம் தேய்த்த —

என்னை வாயைப் பொத்திக்கொண்டிரு என்றான். பொத்திக்கொண்டேன். அதற்கா? இதைச் சொல்வதற்கா? முட்டாள், முட்டாள், ஒரு வார்த்தை எழுதி வாங்கத் தோன்றியதா எனக்கு?

"நம்ம குழுவுக்குப் பெருமைதானேம்மா," என்றார் சார். திட்டத்துக்கு இனி ஆபத்து இல்லையாம். நாமே கண்டுபிடித்தோம், நாமே திருத்தினோம், அதனால் இன்னும் பலம்தானாம். போன மாதம் இதையேதான் நான் சொன்னேன். அப்போது தெருவில் நிற்போம் என்றார்.

நவம்பர் 16, சனி

கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தான்.

"உன் பேரைச் சொன்னேன் பிரீனா. நன்றி சொல்ற பக்கத்துல இருக்கு."

"நன்றியா? நான் உனக்கு டீயா போட்டுக் குடுத்தேன்?"

"நான் பண்ண தப்பு. அதை நான்தானே சொல்லணும்?"

"தப்பு உன்னோடதுடா. கண்டுபிடிச்சது என்னோடது. ரெண்டையும் நீயே எடுத்துக்கிட்டே."

அங்கே யாரோ கதவைத் தட்டுவது கேட்டது. அப்புறம் பேசலாம் என்றான். வைத்துவிட்டேன்.

அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருக்கிறது.

நவம்பர் 29

திருத்தக் கட்டுரை போகிறது. பெயர்கள்: யெர்னெய், கொராஸ்த், அப்புறம் நான், அப்புறம் லோவ்ரோ. மூன்றாவது இடத்துக்கே சாரிடம் ஒரு வாரம் நிற்கவேண்டியிருந்தது. பழைய கட்டுரையின் திருத்தம் என்றால் பழைய வரிசைதான் இருக்கவேண்டுமாம்.

திட்டத்தின் முடிவு மார்ச்சில்தான் வருமாம். அதனால் என் ஒப்பந்தத்தை இப்போதைக்கு நீட்ட வழியில்லையாம். "மார்ச்ல பார்ப்போம். நீ எங்க போயிடப்போறே?" சிரித்துக்கொண்டே கேட்டார்.

டிசம்பர் 20, வெள்ளி

சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். லோவ்ரோ வாசல்வரை வந்தான். கலத்தில் மறுபடி நைட்ரஜன் ஊதச் சொல்லிவிட்டார்களாம்.

ஜனவரி 22, மியூனிக்

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். இலையுதிர் காலத்திலேயே பெயர் கொடுத்திருந்தேன், ரயில் சீட்டும் இருந்தது. வீட்டில் அம்மாவின் கேள்விகளுக்கு இது தேவலை.

உலைச் சுவரை ஆராய்கிற ஆட்களின் கூட்டம். ஐரோப்பா முழுவதிலிருந்தும் வந்திருந்தார்கள். யெர்னெய் பேசினான். நன்றாகத்தான் பேசுகிறான், சின்ன வயதிலிருந்தே அப்படி. நான் கடைசி வரிசையில், ஈர மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு.

கேள்வி நேரம். பிரான்சிலிருந்து வந்த ஒதீல் என்ற அம்மாள் எழுந்தார். பெரிய உலையில் எரிபொருள் பக்கம் முழுவதும் அவர் பொறுப்பு என்று பக்கத்தில் சொன்னார்கள். அவர் புகழவில்லை, கோபப்படவும் இல்லை. சூட்டால் மட்டும் சுவர் சுத்தமாயிற்றா, பிளாஸ்மாவால் தேய்க்கவேண்டியிருந்ததா என்று கேட்டார்.

யெர்னெய் வாயைத் திறந்தான். எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வரைபடத்தைத்தானே அனுப்பினேன், திருத்தக் கட்டுரையிலும் கலத்தைச் சுத்தம் செய்தபின் என்று ஒரே ஒரு வரிதான். ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்திருக்கலாம், ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். சமாளிக்கப்போகிறான் என்றே நினைத்தேன்.

அவன் கூட்டத்தில் கண்ணை ஓட்டி என்னைத் தேடினான்.

"இதை நான் செய்யலை," என்றான். "இது முழுக்க பிரீனா செஞ்சது. நவம்பர்லயே நான் இப்படிச் சொல்லியிருக்கணும். அவ அங்க உக்காந்திருக்கா, அவளையே கேளுங்க."

எல்லாத் தலையும் திரும்பியது. எழுந்தேன், மேலங்கி கீழே விழுந்தது. சூடு போதாது என்றேன். தேய்க்கவேண்டும் என்றேன். அதற்குமேல் கேள்விகள் எல்லாம் என் பக்கமே வந்தன. எழுதுகோல் இல்லாமல் கையால் காற்றில் வரைந்து காட்டினேன்.

தேநீர் வேளையில் யெர்னெய் பக்கத்தில் வந்து நின்றான். நான் ஒதீல் அம்மாளோடு பேசிக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

ஜனவரி 23, ரயிலில்

சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? சால்ஸ்பர்க் தாண்டியும் வரவில்லை. அங்கே நேர்காணலில் கைதட்டு வாங்கிவிட்டு, இங்கே கடைசி வரிசைக்கு ஒரு கை நீட்டினான். இதற்கு நான் நன்றி சொல்லவேண்டுமா? அவன் கூட்டத்தில் என்னைத் தேடியதையும் பார்த்தேன். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று எழுத முடியாது.

பிப்ரவரி 18

ஒதீல் அம்மாள் கூப்பிட்டார். மே மாதத்திலிருந்து, இரண்டு வருட வேலை, பிரான்சின் தெற்கே. நிரந்தரம் இல்லை. சரி என்றேன்.

மார்ச் 13

கொராஸ்த் சாருக்குத் திட்டம் கிடைத்துவிட்டது. நான் திரும்பி வந்தால் நல்லது என்றார், கலத்தில் எடை இருபது மறுபடி ஏறிவிட்டதாம், லோவ்ரோவால் தனியாக முடியவில்லையாம். வேறு வேலை கிடைத்துவிட்டது என்று சொன்னேன். "எங்கே?" என்றார். நம்பவில்லை போலிருக்கிறது, இரண்டு முறை கேட்டார்.

ஏப்ரல் 21, ஈஸ்டர் திங்கள், இத்ரியா

யெர்னெய் அவன் அம்மா செய்த அக்ரூட் ரொட்டியோடு வந்தான். அம்மா அவனைச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்துவிட்டார். எனக்கு எதுவும் சொல்ல வாய்ப்பில்லை. அவன் புது வீட்டைப் பற்றி அம்மா கேட்டார். மியூனிக்கில் வாடகைக்கு எதுவும் கிடைப்பதில்லை என்றான். பிரான்சில் எனக்குப் பார்த்துவைத்திருக்கும் அறையைப் பற்றி அவன் கேட்டான். ஜன்னல் உண்டு என்றேன். அதோடு சரி.

சாப்பிட்டதும் அம்மா படுக்கப் போய்விட்டார். நான் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் வாசலில் சாய்ந்து நின்றான்.

"கட்டுரையில உன் பேர் முன்னாடி வந்திருக்கணும்," என்றான்.

"வந்திருக்கணும்."

"இன்னும் கோபமா?"

"ஆமா."

தலையாட்டினான். போகவில்லை. மலையிலிருந்து தேவாலய மணி கேட்டது, தெருவில் பிள்ளைகள் முட்டை உருட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கழுவிய தட்டுகள் அடுக்க இடமில்லாமல் குவிந்துவிட்டன.

ஆணியில் தொங்கிய துணியை எடுத்து அவன் பக்கம் நீட்டினேன். வாங்கித் துடைக்க ஆரம்பித்தான்.